அளவைச் சொல்லாத எச்சரிக்கை

ஸ்டீராய்டு மருந்துகளை எதிர்த்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரை மூன்று விஷயங்களை அடித்துச் சொல்கிறது. ஒன்று, அழற்சி என்பது உடல் தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் வழி; அதை மருந்தால் அடக்குவது குற்றம். இரண்டு, ஸ்டீராய்டு உடலுக்கு அந்நியமான ரசாயனம். மருந்துக் கம்பெனிகள் லாபத்துக்காக நம் தலையில் கட்டியது. மூன்று, ஆகவே மூட்டுவாதக்காரர்களும் ஆஸ்துமாக்காரர்களும் துணிந்து அதைத் தூக்கி எறிய வேண்டும். முதல் இரண்டும் தவறு. மூன்றாவது ஆளைக் கொல்லும் தவறு.

அந்நியம் என்ற குற்றச்சாட்டை முதலில் பார்ப்போம். சிறுநீரகங்களின் மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அன்றாடம் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன; விடியற்காலையில் அதிகம், நள்ளிரவில் குறைவு. கார்டிசால் செல்லுக்குள் நுழைந்து, அதற்கென உள்ள ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குப் போய், அழற்சிப் புரதங்களை உண்டாக்கும் மரபணுக்களை அடக்கிவைக்கிறது. ஸ்டீராய்டு மருந்துகளான பிரெட்னிசலோனும் டெக்ஸாமெத்தசோனும் இதே ஏற்பியில் அமர்ந்து இதே வேலையைச் செய்பவைதான். இந்தச் சுரப்பிகள் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இலேயே எழுதிவைத்தார்: தீராத சோர்வு, தோல் கறுத்தல், முடிவில் மரணம். அந்த நோய் வந்தவர்கள் இன்று உயிரோடு நடமாடுவது, கட்டுரையாளர் நஞ்சு என்று சொல்லும் மாத்திரையைத் தினமும் விழுங்குவதால்தான்.

இந்த மருந்து எப்படி வந்தது என்பதையாவது கட்டுரையாளர் தேடிப் படித்திருக்கலாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். முடக்குவாத நோயாளிகளுக்கு மஞ்சள் காமாலை வந்தால் மூட்டுவலி தணிகிறது. பெண்கள் கருவுற்றிருக்கும்போதும் தணிகிறது. அப்படியானால் வலியைத் தணிக்கும் ஏதோ ஒன்று உடலுக்குள்ளேயே உண்டாகிறது என்று அவர் ஊகித்தார். அதே நிறுவனத்தில் எட்வர்ட் கெண்டல் அட்ரினல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களில் ஒன்றை, 1948 செப்டம்பர் 21 அன்று, படுக்கையை விட்டு எழவே சிரமப்பட்ட 29 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். அதுதான் கார்டிசோன். 1950இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இயற்கையை மதிக்காத மருத்துவம் என்று கட்டுரையாளர் சாடுகிறார். கர்ப்பிணியின் மூட்டுவலி ஏன் குறைகிறது என்று உற்றுக் கவனித்துப் பிறந்த மருந்து இது. இயற்கையை இதைவிட எப்படி மதிப்பது?

அடுத்தது, அழற்சி எப்போதும் நல்லது என்ற வாதம். காலில் முள் குத்திச் சிவந்து வீங்கினால் அது பாதுகாப்பு, யாரும் மறுக்கவில்லை. முடக்குவாதத்தில் விரட்டுவதற்குக் கிருமியே இல்லை. தன் மூட்டுச் சவ்வையே எதிரியாக எண்ணி உடல் தாக்குகிறது. குருத்தெலும்பு அரிக்கப்படுகிறது, விரல்கள் கோணிப்போகின்றன. கோணிய விரல் தானாக நிமிராது. அதைக் குணமாகும் அறிகுறி என்று நோயாளியிடம் சொல்வது அறியாமை. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சேர்த்துச் சொல்வது கொடுமை.

அழற்சி எப்போது காக்கிறது, எப்போது கொல்கிறது என்பதற்குக் கொரோனா காலமே விடை தந்தது. பிரிட்டனில் நடந்த ‘ரெகவரி’ ஆய்வில் 2,104 நோயாளிகளுக்குத் தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் கொடுத்து, வழக்கமான சிகிச்சை பெற்ற 4,321 பேரோடு ஒப்பிட்டார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில், மருந்து பெறாதோரில் 41.4 சதவீதம் பேர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள், பெற்றோரில் 29.3 சதவீதம். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் அது 26.2இலிருந்து 23.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ எந்தப் பலனும் இல்லை; கெடுதல் இருக்கலாம் என்ற பக்கமே எண்கள் சாய்ந்தன. அதே நோய், அதே மருந்து, அதே அளவு. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும் மாறியபோது விளைவும் மாறியது. அழற்சி நல்லதா, ஸ்டீராய்டு கெட்டதா என்று கேட்பதே பிழை. யாருக்கு, எப்போது, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்க வேண்டும். அத்தனை நீளக் கட்டுரையில் இந்த நான்கு கேள்விகளில் ஒன்றுகூட இல்லை.

கம்பெனிச் சதி என்ற வாதமும் இங்கேயே விழுந்துவிடுகிறது. டெக்ஸாமெத்தசோன் அறுபது ஆண்டுக்கும் மேல் பழைய மருந்து. காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. மாத்திரை சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பிரிட்டன் அரசின் ஆராய்ச்சி நிதி. இதில் யார் கொள்ளை லாபம் பார்த்தார்கள் என்று கட்டுரையாளர் காட்டட்டும்.

பக்கவிளைவுகளை மருத்துவ உலகம் மறைக்கிறது என்பது அடுத்த அவதூறு. முகம் வட்டமாக உப்புவதையும் மனநிலை குலைவதையும் முதலில் பதிவு செய்தவர்கள் ஹென்ச் குழுவினர்தான். தலைக் காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருந்தது. அந்த வழக்கத்தைச் சோதித்த ‘கிராஷ்’ ஆய்வின் முடிவு 2004இல் வந்தது. பத்தாயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளில், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம் பேர் இரண்டு வாரத்துக்குள் இறந்தார்கள், பெறாதவர்களில் 17.9 சதவீதம். மருத்துவ உலகம் அதை வெளியிட்டது, அந்த வழக்கத்தைக் கைவிட்டது. தன் பிழையைத் தானே எண்ணிப் பார்த்து ஊருக்குச் சொன்ன துறையை மூடி மறைக்கும் கூட்டம் என்று எழுத என்ன ஆதாரம் இருக்கிறது?

கட்டுரையின் மிகப் பெரிய மோசடி அளவைப் பற்றிய மௌனம். எலும்பு பலவீனம், கண்புரை, சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம் என்று நீளும் பட்டியல் உண்மைதான்; அதிக அளவு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியவர்களுக்கே பெரும்பாலும் வருவது அது. அதையே இன்ஹேலர் இழுக்கும் பள்ளிச் சிறுமிக்கும் பொருத்தி அவள் தாயைப் பயமுறுத்துகிறார். இன்ஹேலரில் ஒரு இழுப்புக்கு 100 அல்லது 200 மைக்ரோகிராம் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு இருக்கும். தீவிர நோய்க்குத் தரும் 40 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்பது 40,000 மைக்ரோகிராம். இரண்டும் வீரியத்தில் வேறுபட்ட மருந்துகள்தான். ஆனால் இன்ஹேலர் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. ரத்தத்தில் கலப்பது சிறு அளவுதான். இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்புவது அந்த அளவை இன்னும் குறைக்கிறது. மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் மருந்தை மட்டும் நம்பினால் உள்ளே வீக்கம் அப்படியே கிடக்கும். அதனால்தான் 2019இல் ‘ஜினா’ என்ற உலக ஆஸ்துமா அமைப்பு, பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் விரிக்கும் மருந்தை மட்டும் வைத்துக் காலம் தள்ளக் கூடாது என்று அறிவித்தது.

தூக்கி எறியுங்கள் என்ற அறிவுரையை எந்த நிலையிலும் மன்னிக்க முடியாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு பல வாரம் வந்துகொண்டிருந்தால் அட்ரினல் சுரப்பி தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் சுரப்பி விழித்துக்கொள்ள அவகாசம் இருக்காது. வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று போய் உயிரே போகலாம். படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்பது மருத்துவ மாணவருக்கும் தெரிந்த பாலபாடம். அது தெரியாமல் எழுதியிருந்தால் இந்தப் பொருளில் எழுதும் தகுதி அவருக்கு இல்லை. தெரிந்தே விட்டிருந்தால் அது குற்றம்.

ஸ்டீராய்டு இங்கே தாறுமாறாகப் புழங்குகிறது என்பது எனக்கும் தெரியும். மேல்வலி என்று போய் நின்றால் மருந்துக்கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் ‘செட்’ மாத்திரையில் அது இருக்கிறது. முகம் வெளுக்க வாங்கும் கிரீமில் இருக்கிறது. பக்கவிளைவே இல்லாத மூலிகை என்று விற்ற மூட்டுவலிப் பொடிகளிலும் சோதனையில் அகப்பட்டிருக்கிறது. 2021இல் கொரோனா வந்த சர்க்கரை நோயாளிகள் பலரைக் கருப்புப் பூஞ்சை கண்ணிழக்கச் செய்ததில், தேவையில்லாமல் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டுக்கும் பங்குண்டு. ஆனால் அந்தக் கடைக்காரர் செய்வதும் கட்டுரையாளர் செய்வதும் ஒரே காரியம். யாருக்கு, எவ்வளவு என்று கேளாமல் ஒருவர் எல்லோருக்கும் கொடுக்கிறார். அதையே கேளாமல் மற்றவர் எல்லோரிடமிருந்தும் பிடுங்குகிறார். நோயாளியின் உடலைப் பார்க்க இருவருக்கும் பொறுமையில்லை.

கட்டுரையாளர் அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் வெளியிட வேண்டும்: ஸ்டீராய்டு எடுத்துக்கொள்ளும் யாரும் என் கட்டுரையை நம்பி மருந்தை நிறுத்த வேண்டாம் என்று. சென்ற வாரமே நிறுத்திவிட்ட வாசகர் எவரேனும் இதைப் படித்தால், அந்தத் திருத்தத்துக்காகக் காத்திருக்காமல் இன்றே உங்கள் மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.