மனுவின் முதல் வரி



பொங்கலுக்குக் கட்டிய தோரணம் காய்வதற்குள் கோயம்புத்தூரில் மனு எழுதும் காலம் வந்துவிடுகிறது. பிப்ரவரி முதல் தேதி மத்திய பட்ஜெட், அதையொட்டி மாநில பட்ஜெட். 2026இல் சட்டமன்றத் தேர்தலும் சேர்ந்துகொண்டதால், கட்சிகளின் தேர்தல் அறிக்கைக் குழுக்களுக்கும் தனித்தனி மனு. சிறுதொழில்களின் கொடிசியா, இந்தியத் தொழில் வர்த்தக சபை, பஞ்சாலைகளின் சைமா, குறுந்தொழில்காரர்களின் டாக்ட், பம்பு தயாரிப்பாளர்கள், கிரைண்டர் தயாரிப்பாளர்கள், பவுண்டரிக்காரர்கள், ஹோட்டல்காரர்கள் என ஒவ்வொரு சங்கத்துக்கும் இது கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கும் நேரம். சில நாளில் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கைந்து பேர் நின்று அமைச்சரிடம் உறையை நீட்டும் படம் வரும். நம்மில் பலர் அந்தப் படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். முதலாளிமார் சமாச்சாரம், நமக்கென்ன என்று.

இந்த ஊரில் அப்படி ஒதுங்கிவிட முடியாது. பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம், சிங்காநல்லூர் பக்கம் குடியிருப்புத் தெருக்களுக்குள்ளேயே லேத் ஓடுகிறது. முதலாளி என்று பெயர் பெற்றவரே மெஷினில் நின்று டர்னிங் செய்கிறார். வீட்டம்மா பில் போடுகிறார். பக்கத்துத் தெரு மளிகைக் கடையின் வியாபாரமும், வாடகைக்கு வீடு விட்டவரின் வருமானமும், பையனின் இன்ஜினீயரிங் கல்லூரிக் கட்டணமும் அந்த ஒரு மெஷின் ஓடுவதில் தொங்குகின்றன. ஆகவே இந்த மாதம் என் பக்கத்தை அந்த மனுக்களுக்கே கொடுத்துவிடுகிறேன்.

முதலில் ஒரு குறை. பட்டியல்கள் நீளம். ஜிஎஸ்டி, மின்கட்டணம், வங்கி வட்டி, விமான நிலைய விரிவாக்கம், பெங்களூருக்கு இரவு ரயில், தொழிற்பேட்டைச் சாலை, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் ஒரே தாளில் வருகின்றன. ஜிஎஸ்டி விகிதம் டெல்லியில், கவுன்சிலில் முடிவாகிறது. மின்கட்டணத்தை நிர்ணயிப்பது சென்னையில் இருக்கும் ஒழுங்குமுறை ஆணையம். சாக்கடைக்கு டவுன்ஹால் பக்கம் இருக்கும் மாநகராட்சி அலுவலகம் போனால் போதும். எல்லாவற்றையும் எல்லாரிடமும் கேட்டால், வாங்கிக்கொள்கிறவர் ‘பரிசீலிக்கிறோம்’ என்று சொல்லிக் காரில் ஏறிவிடலாம். இருபது கோரிக்கை வைக்கிற சங்கத்துக்கு இரண்டு முடித்துக் கொடுத்தால் போதும் என்று ஆள்பவர்களுக்கும் தெரியும். அந்த இரண்டு எவை என்பதையும் அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள்.

சுருக்கமாகக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2024 செப்டம்பரில் கொடிசியா வளாகத்தில் மத்திய நிதியமைச்சரோடு நடந்த கூட்டத்தில், ஹோட்டல்காரர்கள் சார்பில் ஒருவர் எழுந்து, பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம், பில் போட முடியவில்லை என்றார். சபை சிரித்தது, நாடே பேசியது. அதற்குப் பிறகு அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்ட வீடியோ விவகாரத்தை மறுபடி கிளற எனக்கு விருப்பமில்லை. அது யாருக்கும் பெருமை சேர்க்கவில்லை. ஆனால் சரியாக ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி வகைகளின் வரி 18இலிருந்து 5 ஆகிவிட்டது. அந்தப் பேச்சால்தான் குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. விகிதங்களையே மொத்தமாக மாற்றியபோது சேர்ந்து குறைந்ததுதான். என்றாலும், வரி வகைப்பாட்டின் குளறுபடியைப் பல பக்க மனுக்கள் புரியவைக்காத அளவுக்கு அந்த ஒரு பன் புரியவைத்தது.

கிரைண்டர்காரர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஊத்துக்குளிக் கல்லை வைத்து, புவிசார் குறியீடும் வாங்கி, இந்த ஊரின் அடையாளமாக நிற்கும் வெட் கிரைண்டருக்கு 2019இல் வரி 5 சதவீதமாகக் குறைந்தது. 2022 ஜூலையில் ஒரே தாவாக 18க்குப் போனது. மாவு ஆட்டும் வீடுகள் அதிகம் இருப்பது தென்னாட்டில்தான் என்பதாலோ என்னவோ, டெல்லியில் அது பெரிய பேச்சாகவில்லை.

சரி, எந்தக் கோரிக்கை முதலில் வர வேண்டும்? கேட்டால் பத்தில் எட்டுப் பேர் மின்கட்டணம் என்பார்கள். அதற்கு வரலாறே துணை. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகுதான் இங்கே ஆலைகள் வரிசையாக முளைத்தன. சைமா பிறந்ததும் 1933இல், அதே அலையில். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் மின்மோட்டார் செய்ததும் கரன்ட் இருந்த ஊர் என்பதால்தான். மலிவான மின்சாரத்தின் மேல் கட்டிய ஊர் இது.

2022 செப்டம்பர் கட்டண உயர்வு அந்த அஸ்திவாரத்தில் கை வைத்தது. கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாய் என்றிருந்த நிலைக்கட்டணம் சிறிய இணைப்புகளுக்கே இரண்டு மடங்கைத் தாண்டியது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது கட்ட வேண்டிய பணம். ஆர்டர் இல்லாத மாதத்தில்தான் அதன் கனம் தெரியும். அதோடு காலையும் மாலையும் பீக் ஹவர் கட்டணம். 2023 செப்டம்பரில் மாநிலம் முழுக்கச் சிறுதொழில்காரர்கள் ஒருநாள் கதவடைத்தார்கள். பிறகு அரசு சிலவற்றைத் தளர்த்தியது. ஆனால் ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசியையொட்டிக் கட்டணம் ஏறும் ஏற்பாடு அப்படியே இருக்கிறது. 2025 ஜூலையில் ஏறியது 3.16 சதவீதம்.

இதில் சங்கங்களோடு எனக்கு ஒரு சின்ன மாறுபாடு உண்டு. பீக் ஹவர் கட்டணத்தையே எடுத்துவிடுங்கள் என்று கேட்பது எடுபடாது. சூரியன் இறங்கிய பின் சோலார் நின்றுவிடுகிறது. ஊரெல்லாம் விளக்கும் ஏசியும் போடும் அந்த நேரத்தில் மின்வாரியம் அதிக விலைக்குத்தான் மின்சாரம் வாங்குகிறது. பெரிய ஆலைக்கு உடுமலைப் பக்கமோ ஆரல்வாய்மொழிப் பக்கமோ சொந்தக் காற்றாலை இருக்கிறது. இரண்டு லேத் வைத்திருப்பவருக்கு எதுவும் இல்லை. கூரையில் சோலார் போட்டாலும் நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று வந்து, அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஆகவே பெரியவர்களும் சிறியவர்களும் ஒரே மனுவில் ஒரே வாக்கியத்தில் மின்கட்டணத்தைக் குறைக்கக் கேட்பது சிறியவர்களுக்கே நஷ்டம். ஆர்டர் இல்லாத மாதத்தில் குறு நிறுவனங்களுக்கு நிலைக்கட்டணத்தில் விலக்கு. இந்த ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் கேட்கலாம். அரசுக்கும் கையைக் கடிக்காது.

அடுத்தது ஜாப் ஆர்டருக்கான ஜிஎஸ்டி. பொருளை அனுப்புபவர் ஒருவர், அதில் துளை போட்டுக் கொடுப்பவர் இன்னொருவர். துளை போடும் கூலிக்கு 12 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பரில் 12 என்ற அடுக்கையே எடுத்துவிட்டபோது 18இல் போய் உட்கார்ந்தது. ‘அதனால் என்ன, வாங்குபவர் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்வாரே’ என்று ஆடிட்டர்கள் சொல்வார்கள். தாளில் அது சரி. பட்டறையில் கணக்கு வேறு மாதிரி. ஒரு லட்ச ரூபாய்க்கு வேலை செய்து பில் போட்டால் 18,000 ரூபாய் வரியை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். வேலை கொடுத்த கம்பெனி பணம் தருவது மூன்று மாதம், நான்கு மாதம் கழித்து. கையில் வராத பணத்துக்கு, கையிலிருந்து வரி. முன்பு 12,000 கடன் வாங்கியவர் இப்போது 18,000 கடன் வாங்குகிறார்.

பார்த்தீர்களா, வரிப் பிரச்சினை என்று ஆரம்பித்தது பாக்கிப் பிரச்சினையாக முடிகிறது. வங்கிக் கடன் கிடைக்கவில்லை என்ற கோரிக்கையைத் தோண்டினாலும் அடியில் இதுவே இருக்கும். வர வேண்டிய பணம் வந்தால் பாதிப் பேருக்கு ஓவர் டிராஃப்டே வேண்டாம். என்னைக் கேட்டால் மனுவின் முதல் வரியில் இருக்க வேண்டியது இந்தப் பாக்கிதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் செய்ய இணையதளம், தீர்க்க மாநில அரசின் வசதிக் கவுன்சில். 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டமும் கைகொடுத்தது: குறு, சிறு நிறுவனத்துக்குக் குறித்த காலத்தில் பணம் தராவிட்டால், அந்த ஆண்டு அதைச் செலவாகக் காட்ட முடியாது.

நடந்தது என்ன? ‘உத்யம் என்ற சிறுதொழில் பதிவை ரத்து செய்துவிடுங்களேன், வேலையைத் தொடர்ந்து தருகிறோம்’ என்று வாங்குகிறவர்கள் நைசாகச் சொல்வதாகப் பேச்சு எழுந்தது. புகார் கொடுக்கவும் ஆள் வருவதில்லை. ஒரே கம்பெனியை நம்பி மூன்று மெஷின் வாங்கிப் போட்டவர், அந்தக் கம்பெனி மேல் வழக்குப் போடுவாரா? பில்லை ஏலத்தில் விட்டு உடனே பணம் வாங்கும் டிரெட்ஸ் என்ற ஏற்பாடும் இருக்கிறது. அதில் சேர வேண்டிய கட்டாயம் தனியாரில் 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகளுக்குத்தான். நம் ஊர் ஜாப் ஆர்டர்களில் பெரும்பங்கு அதற்குக் கீழே இருப்பவர்களிடமிருந்து வருகிறது.

இந்த இடத்தில்தான் சங்கங்கள் கொஞ்சம் தயங்குகின்றன. பாக்கி வைப்பவர் டெல்லியிலோ சென்னையிலோ இருந்தால் மனு எழுதுவது எளிது. ஆனால் அவர் சங்கத்தின் பொதுக்குழுவிலேயே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆண்டு விழாவுக்கு நன்கொடையும் தருகிறார். அவருக்கும் மேலே ஒருவர் பாக்கி வைத்திருக்கிறார் என்பதும் உண்மைதான்; பொதுத்துறை நிறுவனங்கள், வடக்கத்திய வாகனக் கம்பெனிகள் என்று சங்கிலி நீள்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு ஏற்றுமதியாளர்களின் பணமும் அங்கங்கே தேங்கியது. ஆனால் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவருக்குத் தள்ளிவிட அடுத்த ஆள் இல்லை. அவர் தன் ஆட்களுக்கு வாரச் சம்பளத்தைச் சனிக்கிழமை கொடுத்தே ஆக வேண்டும்.

அரசைக் கேட்காமலே சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 45 நாளைத் தாண்டிய பாக்கி விவரத்தைக் கம்பெனிகள் ஆண்டுக்கு இருமுறை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்துக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2019 முதல் விதி. அந்தப் படிவத்தின் நகலை ஒவ்வொரு பெரிய உறுப்பினரிடமும் சங்கமே கேட்டு வாங்கட்டும். பெயரை வெளியிட வேண்டாம்; மொத்தத் தொகையை மட்டும் ஆண்டறிக்கையில் போடட்டும். நிர்வாகக் குழுவுக்குப் போட்டியிடுகிறவரிடம் பாக்கி இல்லை என்ற சான்றைக் கேட்கட்டும். இதைச் செய்துவிட்டு டிரெட்ஸ் வரம்பைக் குறைக்கச் சொல்லி டெல்லிக்குப் போனால், அந்தப் பேச்சுக்கு வேறு மரியாதை இருக்கும்.

ஊருக்கான கோரிக்கைகளைப் பற்றி நீட்டி எழுத இடமில்லை. அவிநாசி சாலை மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்து, 10 கிலோமீட்டர் தூரத்தைச் சில நிமிடமாக்கிவிட்டது, நல்லது. மெட்ரோ ரயில் திட்டத்தை மக்கள்தொகையைக் காட்டி மத்திய அரசு திருப்பி அனுப்பியது 2011 கணக்கெடுப்பை வைத்து என்பதால், அதை எதிர்த்துச் சங்கங்கள் குரல் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குறிச்சி தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து வெளியே வரும் பெண்ணுக்கு இன்றைக்கு வேண்டியது ஒரு டவுன் பஸ். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பவுண்டரி வெக்கையில் நிற்பவருக்கு வேண்டியது ஒழுங்கான தங்குமிடம். மனுக்களில் விமான நிலையத்துக்குக் கிடைக்கும் இடம் இவற்றுக்குக் கிடைப்பதில்லை. எழுதுகிறவர்கள் பஸ்ஸில் போவதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த இதழில் தொழில் பக்கங்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கின்றன. பட்டறை வைத்திருக்கும் வாசகர்கள், உங்கள் மனுவில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் என்றால் எதை எழுதுவீர்கள் என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். வேலை கொடுக்கும் இடத்தில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் கணக்குப் பிரிவில் 45 நாள் தாண்டிக் கிடக்கும் ஜாப் ஒர்க் பில்களை எடுத்துவரச் சொல்லுங்கள். அவற்றில் சிறிய தொகைகளையாவது மார்ச் வரை தள்ளாமல் இந்த மாதமே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்