குளத்துக்கு முன்னால் கேட்!

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கிடக்கிறது. இரண்டு தென்னை, துணி காயப்போடும் கொடி, யாரும் தொடாத பழைய ஆட்டுக்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு கிளம்புகிறது. "ஏங்க, இந்த இடத்துல சின்னதா ஒரு ஸ்விம்மிங் பூல் கட்டினா என்ன?"

ஒரு காலத்தில் சினிமா நடிகர் வீட்டில் மட்டும்தான் இந்தப் பேச்சு நடக்கும். இப்போது லோன் போட்டு வீடு கட்டுகிறவர் வீட்டிலும் நடக்கிறது. தப்பில்லை. நீச்சல் மாதிரி உடற்பயிற்சி கிடையாது. மூட்டு வலிக்காரர்களுக்கு நடைப்பயிற்சியைவிட அது சுகம், ஏனென்றால் உடம்பின் பாரத்தைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது.

என் சண்டை குளத்தோடு இல்லை. வரிசையோடு! முதலில் நீல டைல்ஸ் பார்க்கிறோம். அப்புறம் தண்ணீருக்குள் எரியும் கலர் விளக்கு. அப்புறம் ஓரத்தில் ஒரு குட்டி நீர்வீழ்ச்சி. வேலி? "அதைப் பிறகு பார்த்துக்கலாம் சார்." அந்தப் 'பிறகு' பல வீடுகளில் வருவதே இல்லை. நான் கறாராகவே சொல்கிறேன். வேலிக்குப் பணம் ஒதுக்க முடியாத வீட்டுக்குக் குளத்துக்கும் பணம் கிடையாது என்று அர்த்தம்.

ஏன் இத்தனை கறார்? 2021-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் ஏறக்குறைய கால்வாசி, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். சினிமாவில் காட்டுகிற மாதிரி கையை ஆட்டி, 'காப்பாத்துங்க'ன்னு கத்தி யாரும் மூழ்குவதில்லை. குழந்தை சத்தமே போடாது. மூச்சுக்கே வழியில்லாதபோது சத்தத்துக்கு எங்கே போகும்? நீங்கள் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புகிற நேரம் போதும்.

"நாங்கதான் கூடவே இருப்போமே" என்பீர்கள். இருப்பீர்கள், குளிக்கிற நேரத்தில். ஆபத்து அப்போது இல்லை. யாருமே குளிக்காத நேரத்தில், பந்து உருண்டு போகிறதே, அப்போதுதான்.

வேலி என்றால் எது வேலி? காம்பவுண்ட் சுவர் வேலி ஆகாது. அது பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தடுக்கும், உங்கள் வீட்டுப் பிள்ளை சமையலறைப் பின்கதவு வழியாக நேரே போய்விடும். குளத்துக்கென்று தனியாக, நாலு பக்கமும் சுற்றி இருக்க வேண்டும். வீட்டுச் சுவரை ஒரு பக்கமாக வைத்து மூன்று பக்கம் மட்டும் போடுவது அரைக்கிணறு தாண்டுவது போல. ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளத்துக்கு வேலி போடுவது சட்டம். அங்கே கேட்கிற உயரம் 1.2 மீட்டர், அதாவது நாலடி. கம்பிகள் நெட்டுக்குத்தாக இருக்கட்டும். படுக்கைக் கம்பி வைத்தால் அது ஏணிதான்! இரண்டு கம்பிக்கு நடுவே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். கேட் குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, வெளியே திறக்க வேண்டும். விட்டால் ஸ்பிரிங்கில் தானே வந்து மூடி, தானே கொக்கி விழ வேண்டும். பூட்டு போதாதா என்கிறீர்களா? பூட்டைப் பூட்டுவதற்கு ஒரு மனுஷன் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கு ஞாபகம் தேவையில்லை.

அதோடு, வேலி ஓரத்தில் பூந்தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலி எதையும் வைக்காதீர்கள். மூன்று வயசுக் குழந்தைக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறத் தெரியும். "வேலி போட்டா அழகு போயிடுமே" என்று மாமனார் சொல்வார். சொல்லட்டும், பேரனை நினைவுபடுத்துங்கள். (குளமே கட்டாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு சம்ப்புக்கு நல்ல மூடி இருக்கிறதா? இப்போதே எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து மேலே படியுங்கள்.)

ஆழம் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு 4 அடி தாராளம். எட்டடி தோண்டிவிட்டு மேலிருந்து தலைகீழாகக் குதிக்கிற ஆசையை விட்டுவிடுங்கள். குறைந்த ஆழத்தில் தலைகீழாகக் குதித்தால் கழுத்தெலும்பு முறிந்து கை கால் விளங்காமல் போகும், அது இன்னும் மோசம்.

அடித்தரையில் தண்ணீரை உறிஞ்சும் வடிகால் ஒன்று இருக்கும். அதை இரண்டாக வைக்கச் சொல்லுங்கள், தட்டையாக இல்லாமல் மேலே குவிந்த மூடியோடு. ஒற்றை வடிகாலில் உட்கார்ந்தால் பம்பின் இழுவை ஆளை அப்படியே பிடித்து வைத்துவிடும், நீளத் தலைமுடியையும் இழுக்கும். அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி 2002-ல் இப்படித்தான் ஒரு வெந்நீர்த் தொட்டியின் வடிகாலில் சிக்கி இறந்தாள். அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2007-ல் அங்கே சட்டம் வந்தது. நம் ஊரில் கான்ட்ராக்டரிடம் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கரண்ட் விஷயமும் அப்படியே. தண்ணீருக்குள் எரிகிற விளக்கு 12 வோல்ட் விளக்காக இருக்கட்டும், பம்புக்கு எர்த்தும் இ.எல்.சி.பி.யும் கட்டாயம்.

சரி, தண்ணீருக்கு எங்கே போவது? 20 அடிக்கு 10 அடி, ஆழம் 4 அடி என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 22,600 லிட்டர் பிடிக்கும். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி இரண்டு! கோடையில் ஆவியாகப் போவதே ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்குப் பக்கத்தில் வரும். 2019-ல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது மறந்துவிட்டதா? 2024-ல் பெங்களூரில் குடிதண்ணீரை நீச்சல் குளத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள். தெருவே குடத்தோடு நிற்கும்போது நம் வீட்டில் மட்டும் குளம் தளும்பினால், சட்டத்தை விடுங்கள், நமக்கே இறங்கிக் குளிக்க மனசு வருமா? ஒருமுறை நிரப்பிய தண்ணீரை ஒழுங்காகச் சுத்தம் செய்து வருடக்கணக்கில் வைத்திருப்பதுதான் நியாயம். இல்லாத நேரத்தில் மேலே ஒரு தார்ப்பாய் விரித்தால் ஆவியாவது குறையும். ஆனால் தார்ப்பாய் வேலிக்குப் பதில் ஆகாது. அதன்மேல் குழந்தை ஏறினால் தார்ப்பாயோடு உள்ளே போகும்.

சுத்தம் என்றதும் எல்லோரும் 'குளோரின் நெடி அடிச்சா தண்ணி சுத்தம்' என்கிறார்கள். நேர்மாறு! அந்த நெடியும் கண் எரிச்சலும் குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் கலப்பதால் வருவது. நெடி அடித்தால் தண்ணீர் அழுக்கு என்று அர்த்தம். அதனால்தான் இறங்கும் முன் சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வா என்பது. நம் வீட்டுப் பெரியவர்கள் கோயில் குளத்துக்கே அந்த மரியாதை கொடுத்தவர்கள்.

குளோரின் 1 பி.பி.எம்.முக்குக் குறையக்கூடாது, பி.எச். அளவு 7.2-க்கும் 7.8-க்கும் நடுவே. சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிற சின்ன டெஸ்ட் கிட் கடையில் கிடைக்கிறது. தினமும் பார்க்க வேண்டும். வெயில் குளோரினைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும், ஆகவே பொழுது சாய்ந்தபிறகு போடுவது புத்திசாலித்தனம். நல்ல பிளீச்சிங் பவுடர் என்றால், மேலே சொன்ன குளத்தில் 1 பி.பி.எம். ஏற்ற சுமார் 70 கிராம். டப்பா திறந்து கிடந்தால் வீரியம் போய்விடும். இன்னொன்று, பெரிய எழுத்தில் எழுதி பம்ப் ரூமில் ஒட்டுங்கள்: குளோரினையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. கிளம்புவது விஷவாயு.

பம்ப் தினம் ஆறேழு மணி நேரமாவது ஓடி, மொத்தத் தண்ணீரையும் ஒரு சுற்று மணல் ஃபில்டரில் வடிகட்ட வேண்டும். "கரண்ட் பில் ஏறுதே" என்று நாலு நாள் நிறுத்தினால் தண்ணீர் பச்சையாகும். பத்து நாள் விட்டால் கொசுப்புழு கொசுவாகிப் பறந்துவிடும். சரியாக மருந்து போடாத வெதுவெதுப்பான நீரில் மூளையைத் தாக்கும் அமீபாவும் வளரலாம். மூக்கு வழியாக ஏறுவது அது. 2024-ல் கேரளத்தில் குழந்தைகளைப் பலிகொண்ட அதே கிருமிதான்.

மழைக்காலத்தில் இன்னொரு கூத்து. ஐப்பசி கார்த்திகையில், 'சுத்தம் பண்றேன்' என்று குளத்தைக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலே ஏறியிருக்கும். காலித் தொட்டியை அது கீழேயிருந்து படகு மாதிரி தூக்கிவிடும், தரை பிளந்துவிடும். காலி செய்தே ஆகவேண்டுமென்றால் சித்திரை வைகாசிதான்.

இத்தனையும் யார் செய்வது? இந்தக் கேள்விக்கு ஒரு ஆளின் பெயரைச் சொல்ல முடிந்தால் கட்டுங்கள். 'எல்லாரும் சேர்ந்து பார்த்துக்குவோம்' என்பது பதில் இல்லை. வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால், என்னைக் கேட்டால், இரண்டு மூன்று வருஷம் தள்ளிப்போடுங்கள் என்பேன். அதற்குள் ஊரில் உள்ள பொதுக் குளத்தில் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் நீச்சல் கற்றுக்கொடுங்கள். ஆமாம், அம்மாவுக்கும்! பகலில் பெரும்பாலும் வீட்டில் இருப்பது அவர்தான்.

கட்டியாகிவிட்டதா? வேலியில் ஒரு நீளக் கம்பும், கயிறு கட்டிய டியூபும் எப்போதும் தொங்கட்டும். யாராவது மூழ்கி வெளியே எடுத்தால், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். அந்த நேரம் வீண். மூச்சு இல்லையென்றால் மல்லாத்திப் படுக்கவைத்து, முகவாயை உயர்த்தி, முதலில் வாயோடு வாய் வைத்து இரண்டு மூச்சு. பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்து, மறுபடி இரண்டு மூச்சு. ஒருவர் இதைச் செய்யும்போது இன்னொருவர் 108-க்குப் போன் போடட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். குழந்தை கண் திறந்து அழுதுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறலைக் கொண்டுவரும்.