காணாமல் போன பிள்ளையும் நாற்பது பேரை அடிக்கிற அப்பனும்

சினிமாவில் பிள்ளையைக் கடத்திய உடனே அப்பனுக்குப் போன் வந்துவிடுகிறது. கடத்தியவனே பேசுகிறான், இடம் சொல்கிறான், கெடு வைக்கிறான். அப்பன் வண்டியை எடுக்கிறான், நாற்பது பேரை அடிக்கிறான், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். அருப்புக்கோட்டைக் கொட்டகையில் விசில் பறக்கிறது. ஒருத்தன் நாற்பது பேரை அடிப்பது நம்பும்படியாவா இருக்கு என்று படித்தவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் பெரிய குறை இல்லை. எங்க ஊரு ஆளுகளும் அது நெசமில்லைன்னு தெரிஞ்சுதான் பாக்குறாக. நான் நம்ப முடியாமல் உட்கார்ந்திருப்பது அதற்கு முந்தின காட்சியில். பிள்ளையைக் காணோம் என்று அப்பன் சொன்னதும் எல்லாரும் நம்பிவிடுகிறார்களே, அந்தக் காட்சியில்.

யார் இந்த அப்பன்? 1985இல் வந்த 'கமாண்டோ'வில் ஓய்வுபெற்ற ராணுவக் கர்னல். 2008இன் 'டேக்கன்' படத்தில் அமெரிக்க உளவுத்துறையில் இருந்தவன். நம்மூருக்கு வந்தால், 2015இல் 'என்னை அறிந்தால்' போலீஸ் அதிகாரி, 2016இல் 'தெறி' மறுபடியும் போலீஸ் அதிகாரி, 2019இல் 'விஸ்வாசம்' தேனிப் பக்கத்து ரைஸ்மில் முதலாளி. 1994இன் 'மகாநதி' கொஞ்சம் வேறு மாதிரி. கும்பகோணம் பக்கத்து வசதியான குடும்பத்து அப்பன், கல்கத்தா சோனாகாச்சி வரை போய் மகளை மீட்கிறான். அதில் சாகசத்தைவிட வேதனை அதிகம், அதனாலேயே மனசில் நிற்கிறது. ஆனாலும் அவன் இருந்த சொத்தை இழந்த அப்பன். இழப்பதற்கே ஒன்றும் இல்லாத அப்பனுக்கு இந்தக் கதையில் வேஷமே கிடையாது. ஸ்டேஷன் யாருக்குச் சொந்தமோ, ஊர் யார் சொன்னால் திரளுமோ, அவனுக்குத்தான் பிள்ளைப் பாசமும் வாய்த்திருக்கிறது போல.

திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டு, புகை பார்த்துக்கொண்டு ராப்பகலாய்க் கிடக்கிற அப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பிள்ளையைக் கறுப்புக் கண்ணாடிக் காரில் எவனும் தூக்குவதில்லை. மழை பொய்த்த வருஷம் தெரிந்த ஆளாகவே ஒருத்தன் வருகிறான், முன்பணம் என்று கையில் திணிக்கிறான், பையனை வடக்கே முறுக்குக் கம்பெனிக்கு அழைத்துப் போகிறான். உசிலம்பட்டியிலிருந்து இந்த வானம் பார்த்த பூமி வரைக்கும் எத்தனை பையன்கள் இப்படி ஆந்திரா, மகாராஷ்டிரா என்று அடுப்படிக்குப் போனார்கள்! முன்பணத்துக்கு ஆளைப் பிடித்து வைப்பது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அந்தக் கடனே செல்லாது. இதைப் புரோக்கர் சொல்ல மாட்டான், சரி. மனுவை வாங்குகிறவர்களாவது சொல்லலாமே.

எங்க தெருச் சின்னாத்தா ஒருத்திக்கு மனு எழுதிக் கொடுத்து ஒரு காவல் நிலையத்துக்குக் கூடப் போனேன். முதல் கேள்வி, "எந்தத் தெரு?" இரண்டாவது, "எம்புட்டு வாங்குன?" சின்னாத்தா முந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஐயா, எம்புள்ள மொகத்த ரெண்டு வருசமாப் பாக்கலய்யா" என்றாள். "நீயே வித்துப்புட்டு இங்க வந்து ஏன் ஒப்பாரி வைக்கிற?" பொழுது சாயுமட்டும் உட்கார்ந்தோம். ரசீதுகூடத் தரவில்லை. பொட்டப்பிள்ளையாய் இருந்திருந்தால் 'எவன் கூடயாச்சும் ஓடிருப்பா' என்றிருப்பார்கள். அதே சமயம், ஆதிக்க சாதிப் பெண் நம்ம பையனோடு போய்விட்டால் மட்டும் 'ஆள் கடத்தல்' என்று ராத்திரியோடு ராத்திரியாய் வழக்கு எழுதி ஜீப்பைக் கிளப்பத் தெரிகிறது.

திருச்சுழியில் வக்கீல் வீட்டுப் பிள்ளையாய்ப் பிறந்த வேங்கடராமன், 1896இல் மதுரையிலிருந்து சொல்லாமல் கிளம்பித் திருவண்ணாமலை போய் ரமணர் ஆனார். 1898இல் தாய் அழகம்மாள் தேடிப் போய் அழுது கூப்பிட்டும் வரவில்லை. அந்தத் தாய்மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் 'எம்புட்டு வாங்குன?' என்று அவரை யாரும் கேட்டதாக எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நொய்டா பக்கத்து நிதாரியில் 2006இல் சாக்கடையிலிருந்து எலும்புகள் எடுக்கப்படும் முன்பு, அந்தக் கூலிக்காரப் பெற்றோரும் ஸ்டேஷன் வாசலில் நின்றவர்கள்தான். உத்தரப்பிரதேசத்தில் கடத்தப்பட்ட தன் மகளுக்காக ஒரு அப்பன் உச்ச நீதிமன்றம் வரை போனான். லலிதா குமாரி வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது அதைத்தான். கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று 2013 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அந்த அப்பன் யாரையும் அடிக்கவில்லை, அதனால் படம் எடுக்க ஆள் வரவில்லை.

தமிழ்நாட்டில் படமெடுக்க ஒரு தாய் இருக்கிறார். ஓமலூர் கோகுல்ராஜ், பொறியியல் படித்த தலித் இளைஞர். 2015 ஜூன் 23 அன்று கவுண்டர் சாதித் தோழியோடு திருச்செங்கோடு கோயிலுக்குப் போனவரைச் சாதி அமைப்புக் கூட்டம் ஒன்று கடத்தியது. மறுநாள் தண்டவாளத்தில் பிணம், தற்கொலை என்று காட்ட ஒரு கடிதம். அந்தத் தாய் விடவில்லை. நாமக்கல்லில் நீதி கிடைக்காது என்று வழக்கை மதுரைக்கு மாற்ற வைத்தார். சாட்சிகள் பிறழ்ந்தார்கள், தோழியும் பிறழ்ந்தார். கோயில் கேமரா பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் அந்தக் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூனில் யுவராஜின் தண்டனை உறுதியானது. ஏழெட்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்த அந்தத் தாய்க்கு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற காட்சி மட்டும் கிடையாது.