விண்வெளி ஆராய்ச்சியில் சிறு தொழில்கள்

பெங்களூர் நகரின் பீண்யா தொழிற்பேட்டை, சிறு இயந்திரத் தொழிற்சாலைகளுக்கும் கடைசல் பட்டறைகளுக்கும் பெயர் பெற்ற இடமாகும். நம் நாட்டின் முதல் துணைக்கோளான ஆரியபட்டா அங்குள்ள தொழிற்கொட்டகைகளில்தான் உருவாயிற்று. பேராசிரியர் யூ. ஆர். ராவ் அவர்களின் தலைமையில் இளம் விஞ்ஞானிகளும் பொறியியலாளரும் அமைத்த 360 கிலோகிராம் எடையுள்ள அத்துணைக்கோள், 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் சோவியத் ராக்கெட்டின் உதவியால் விண்ணிற் செலுத்தப்பட்டது. கொட்டகை எளியதாயினும் அதற்குப் பின்னால் அரசாங்கம் நின்றது. செலவை ஏற்றதும், ஏவுவதற்கு ஏற்பாடு செய்ததும், பயனைப் பெற்றுக்கொண்டதும் அரசாங்கமே. இன்று அதே நகரில் விண்வெளி ஆராய்ச்சியில் இறங்கியுள்ள சிறு கம்பெனிகளுக்கு இத்துணை தானாக அமைவதில்லை. அவற்றுக்கு முக்கியமாக வேண்டியவை இரண்டு: விண்வெளியில் முதற் சோதனைக்கு உறுதியான வாய்ப்பும், சோதனையில் தேறிய பொருளுக்கு முதற் கொள்முதலும். இவ்விரண்டையும் ஒழுங்குபடுத்தித் தருவது அரசாங்கத்தின் கடமை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

விண்வெளித் துறையைத் தனியார் முயற்சிக்குத் திறந்துவிடும் முடிவு 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அம்முயற்சிகளுக்கு அனுமதி வழங்கி ஊக்கமளிப்பதற்காக ‘இன்ஸ்பேஸ்’ என்னும் அமைப்பு அகமதாபாத்தில் நிறுவப்பெற்றது. 2023-இல் இந்திய விண்வெளிக் கொள்கை வெளியாயிற்று. இவற்றால் பயனடைந்த ஆராய்ச்சிக் கம்பெனிகளுள் பல பெங்களூரில் உள்ளன. 2015-இல் தோன்றிய பெல்லாட்ரிக்ஸ் ஏரோஸ்பேஸ், துணைக்கோள்களை விண்வெளியில் நகர்த்தும் சிறு உந்துகருவிகளை ஆக்குகிறது. வழக்கமாகப் பயன்படும் ஹைட்ரசீன் என்ற எரிபொருள் கொடிய நஞ்சாகையால், அதற்குப் பதிலாகத் தீங்கு குறைந்த வேறொன்றைக் கையாள்வது அதன் முயற்சிகளுள் ஒன்று. திகந்தரா என்னும் கம்பெனி, பூமியைச் சுற்றிவரும் கோள்களையும் கழிவுத் துண்டுகளையும் கண்காணிக்கும் முறைகளை ஆராய்கிறது. 2019-இல் தொடங்கப்பட்ட பிக்ஸல், ஒளியை நுணுக்கமாகப் பகுத்துப் பூமியைப் படமெடுக்கும் துணைக்கோள்களைச் செய்கிறது.

ஒரு புதிய உந்துகருவியைக் காற்றகற்றிய அறையில் வைத்துச் சோதிக்கலாம். கடும் வெப்பத்திலும் கடுங்குளிரிலும் வைத்துப் பார்க்கலாம். ராக்கெட் புறப்படும்போது உண்டாகும் அதிர்ச்சியையும் தரையிலேயே உண்டாக்கலாம். இத்தனைக்கும் பிறகு, ‘இது விண்வெளியில் வேலை செய்திருக்கிறதா?’ என்றே வாங்குவோர் கேட்பர். பல கோடி ரூபாய் பெறும் துணைக்கோளில், சோதித்துத் தேறாத கருவியைப் பொருத்த எவரும் துணியார். விண்ணுக்குப் போகாத கருவி விலைபோவதில்லை. விலைபோகாதவரை அதனை விண்ணுக்கு அனுப்பப் பணம் கிடைப்பதில்லை. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான உதாரணம் காண்பது அரிது.

இச்சிக்கலை அவிழ்க்க இஸ்ரோ கண்ட வழி மிகவும் பாராட்டத் தக்கது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட் நான்கு கட்டங்களை உடையது. துணைக்கோளைச் சேர்ப்பிக்கவேண்டிய பாதையிற் சேர்த்தபின், நான்காம் கட்டம் வெறுங்கழிவாகப் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குச் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறும் தகடுகளையும், நிலை பிறழாமல் நிறுத்தும் கருவிகளையும் பொருத்தி, அதனையே ஒரு சோதனை மேடையாக்கினர். ‘போயம்’ எனப்படும் இம்மேடை 2022-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் முதன்முறையாகச் சென்றபோது, திகந்தராவின் கதிரியக்க அளவுகருவி அதிற் சென்றது. 2024 ஜனவரி முதல் நாள் சென்ற மூன்றாம் மேடையில் பெல்லாட்ரிக்ஸின் கருவிகள் சோதிக்கப்பட்டன. வேலை முடிந்தபின் அம்மேடை மார்ச் 21-ஆம் நாள் பூமியின் காற்று மண்டலத்துக்குள் விழுந்து, விண்வெளியிற் கழிவாக எஞ்சாமல் ஒழிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் சென்ற நான்காம் மேடையில் 24 கருவிகள் இருந்தன. அவற்றுள் 10, இஸ்ரோவுக்கு வெளியே உள்ளோருடையவை. பெங்களூர் ஆர்.வி. பொறியியற் கல்லூரியார் அனுப்பிய நுண்ணுயிர்ச் சோதனை அவற்றுள் ஒன்று என்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும்.

ஆயினும் ஒரு குறை உண்டு. இம்மேடை பி.எஸ்.எல்.வி. செல்லும்போதுதான் செல்லும். 2025 மே 18-ஆம் நாள் அந்த ராக்கெட்டின் மூன்றாம் கட்டத்தில் பழுது நேர்ந்து முயற்சி தவறியதுபோன்ற சந்தர்ப்பங்களில் அடுத்த பயணம் தாமதமாவது இயல்பு. பெரிய நிறுவனம் ஓராண்டு காத்திருக்கும். இருபது பேருக்கு மாதச் சம்பளம் கொடுக்கவேண்டிய சிறு கம்பெனி அங்ஙனம் காத்திருக்க இயலாது. ஆகையால் ஆண்டுதோறும் இத்தனை மேடைகள், இன்ன மாதங்களில் என்று முன்கூட்டியே அட்டவணை வெளியிட வேண்டும். நம் ராக்கெட் தாமதமானால் வேறு ராக்கெட்டில் இடம்பெற உதவித்தொகை அளிக்க வேண்டும். சோதனையின் முடிவு வெற்றியாயினும் தோல்வியாயினும் அதனை எளிய நடையில் வெளியிடுவதும் நிபந்தனையாக இருத்தல் வேண்டும்.

அடுத்தது கொள்முதல். அமெரிக்காவில் 1982-இல் இயற்றப்பட்ட சட்டம், பெருந்தொகையை ஆராய்ச்சிக்குச் செலவிடும் அரசாங்க இலாகாக்கள் அதில் ஒரு பகுதியைச் சிறு தொழில்களுக்கென ஒதுக்க வேண்டுமென்று விதித்தது. யோசனை நடைமுறைக்கு ஏற்றதா என்று பார்க்க முதலிற் சிறு தொகை. தேறினால், கருவியை உருவாக்க அதனினும் பெருந்தொகை என்பது அதன் முறை. அந்நாட்டு நாஸா, பூமியைப் பற்றிய தகவல்களை விலைக்கு வாங்க 2024-இல் தெரிந்தெடுத்த எட்டுக் கம்பெனிகளுள் பெங்களூரின் பிக்ஸலும் ஒன்று. நம் நாட்டிலும் 2024 அக்டோபரில் விண்வெளிக் கம்பெனிகளுக்காக 1,000 கோடி ரூபாய் மூலதன நிதிக்கு மத்திய மந்திரி சபை இசைவளித்தது. 2025 ஆகஸ்டில் 12 துணைக்கோள்கள் கொண்ட பூமி கண்காணிப்புத் திட்டம், பிக்ஸலைத் தலைமையாகக் கொண்ட கூட்டுக்கு அளிக்கப்பட்டது. இவை வரவேற்கத் தக்கன. ஆனால் மூலதனம் தருபவர் இலாபத்தைக் கேட்பார். பொருளை வாங்கிப் பயன்படுத்துபவரே அதன் குணத்தைக் கேட்பார். விவசாயம், காடு, நீர்ப்பாசனம் ஆகிய இலாகாக்கள் தத்தம் செலவுத் திட்டத்தில் ஒரு சிறு பங்கை இத்தகைய கொள்முதலுக்கென ஒதுக்கினால்தான், இக்கண்டுபிடிப்புகள் நம் கிராமங்களுக்கு ஏற்றவாறு திருத்தம் பெறும்.

தேறாத கருவிகளில் பொதுப் பணத்தை இழக்கலாமா என்று சிலர் ஐயுறுவர். ஐயம் நியாயமானதே. தவணை தவணையாகத் தொகை வழங்குவதும், ஒவ்வொரு தவணைக்கும் சோதனை வைப்பதும் அதற்குரிய பாதுகாப்பாகும். ஆரியபட்டாவிலும் சில நாட்களுக்குள் மின்சாரப் பழுது நேர்ந்து, விஞ்ஞானச் சோதனைகள் நின்றுபோயின. துணைக்கோள் செய்யும் திறமையோ நிலைத்தது. அதன் பயனாக 1979-இல் பாஸ்கரா சென்றது. கற்றுக்கொண்டது பதிவாகுமாயின் செலவு வீணாவதில்லை.

இதிற் களப்பணியாளருக்கும் பங்குண்டு. 2025-இல் பிக்ஸல் செலுத்திய துணைக்கோள்களின் படத்தில் ஒரு புள்ளி, தரையில் 5 மீட்டர் சதுரத்தைக் குறிக்கும். ஓர் ஏக்கர் நிலம் ஏறத்தாழ 160 புள்ளிகளாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் நூற்றுக்கு மேற்பட்ட பகுதிகளாகப் பிரித்து அளக்கப்படுவதால், கோலார் ஜில்லாக் கேழ்வரகு வயலில் பயிர் சோர்வுற்றால் அது படத்திற் புலப்படக்கூடும். ஆனால் சோர்வுக்குக் காரணம் தழைச்சத்துக் குறைவா, பூஞ்சை நோயா, நீர்ப் பற்றாக்குறையா என்பதை வயலில் இறங்கிப் பார்ப்பவரே உறுதி செய்யவேண்டும். நாள், சர்வே எண், பயிரின் நிலை ஆகியவற்றைக் குறித்துவைக்கும் களப்பணியாளரின் ஏடு இல்லாவிடில் அப்படத்தைச் சரிபார்க்க வழியில்லை. இவ்வேலைக்குரிய நேரத்தையும் ஊதியத்தையும் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். ஆசிரியர்களோ, பள்ளி மைதானத்திலோ தோட்டத்திலோ 5 மீட்டர் சதுரத்தைக் கயிற்றால் வளைத்து, அதனுள் எத்தனை செடிகள், எத்தனை நிறங்கள், எவ்வளவு வெறுமண் என்று மாணவரைக் கணக்கெடுக்கச் செய்யலாம். துணைக்கோளின் ஒரு புள்ளிக்குள் எத்தனை செய்திகள் அடங்கியுள்ளன என்பது அப்போது விளங்கும்.

விண்வெளி ஆராய்ச்சி பெருநிறுவனங்களின் தனிச்சொத்தாக இருந்த காலம் கழிந்துவிட்டது. சிறு தொழில்களிடம் அறிவும் ஊக்கமும் உள்ளன. காலந்தவறாத சோதனை வாய்ப்பையும், உள்நாட்டில் உறுதியான கொள்முதலையும் அரசாங்கம் அவற்றுக்கு அளிக்குமாயின், பெங்களூரில் விளையும் திறமையின் பயன் வெளிநாட்டு வாடிக்கையாளரைச் சேரும் முன்பே நம் உழவரைச் சேரும்.