முருகனின் 'னி'யைப் பிரிக்கலாமா?

கேமரன் மலைக்கு ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக வருவோர் முதலில் காணும் ஊர்களுள் ஒன்று கம்போங் ராஜா. அதன் அருகில்தான் புளூ வேலி தேயிலைத் தோட்டம் உள்ளது. இத்தகைய தோட்டப்புறங்களில், தமிழ்ப்பள்ளியில் மட்டுமே படித்த பாட்டி, தாத்தாக்களுக்குத் தமிழ்தான் எளிதாகப் படிக்க வரும் மொழி. பேரப்பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் கடிதம் நல்ல தமிழில் இருந்தால், அவர்கள் பிறர் உதவியின்றித் தாமே படித்துக்கொள்வர்.

இன்று அத்தகைய கடிதங்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. ஒரு மாதிரிக் கடிதத்தையும் பெயர்ப் பட்டியலையும் கொடுத்தால், கணினி நிரல் நாற்பது வீடுகளுக்கும் நாற்பது கடிதங்களை உருவாக்கித் தரும். பெயரைத் தடித்த எழுத்திலும் கூட்டத் தேதியைச் சிவப்பிலும் தானே அமைத்துவிடும். வசதிதான். ஆனால், வேறு மொழிகளுக்காக எழுதிய நிரலில் தமிழை அப்படியே பொருத்தினால் கடிதம் கெட்டுவிடும். அதைச் சரிசெய்யும் திறன், இலக்கண வகுப்பில் புணர்ச்சி படிக்கும் மாணவர்களிடம்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

நிரல் எவ்வாறு எழுத்தை அழகுபடுத்துகிறது? மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1987இல் அறிமுகப்படுத்திய 'ரிச் டெக்ஸ்ட்' என்னும் கோப்பு வகையைப் பார்ப்போம். அதில் எழுத்துகளோடு கட்டளைகளும் ஒரே வரிசையில் நிற்கும். ஒரு பின்சாய்வுக்கோடும் ஆங்கில 'பி' எழுத்தும் வந்தால் தடிப்பு தொடங்கும். அவற்றோடு சுழியம் சேர்ந்து வந்தால் தடிப்பு முடியும். தமிழ் எழுத்துகள் யூனிகோடு எண்களாக எழுதப்படும். 'அ' என்பது 2949. நமக்கு ஒரே எழுத்தாகிய 'னி', கணினிக்கு இரண்டு எண்கள்: 'ன'வுக்கு 2985, இகரக் குறிக்கு 3007.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மலாய்மொழியில் பெயரை வாக்கியத்தில் எங்கு வைத்தாலும் அதன் வடிவம் மாறாது. தமிழில் அப்படியா? "உங்கள் மகன் முருகனின் தேர்ச்சி அறிக்கை" என்று எழுத வேண்டிய இடத்தில், நிரல் பெயரையும் உருபையும் வெறுமனே ஒட்டினால் "முருகன்இன்" என்று அச்சாகும். 'வின்' என்று ஒட்டச் சொன்னால் "கவிதாவின்" சரியாகும், "முருகன்வின்" நகைப்புக்குரியதாகும். உடம்படுமெய் எங்கே தோன்றும், மெய்யீற்றின்மேல் உயிர் எங்கே ஏறும் என்பதை நிரலுக்குச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும்.

சரியாகச் சேர்த்த பிறகும் ஓர் இடர் உண்டு. பெயர் மட்டும் தடித்திருக்கட்டும் என்று எண்ணி, 'ன'வோடு தடிப்பை நிறுத்தினால், இகரக் குறி கட்டளைக்கு அப்பால் தனியே விழும். சில மென்பொருள்கள் அந்த அநாதைக் குறியின் அருகே ஒரு புள்ளி வட்டத்தை வரைந்து காட்டும். 'தொழிலாளர் தினம்' என்ற தலைப்பின் முதல் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னாலும் இதே கதைதான். கணினி 'த'வை மட்டும் எடுத்துக்கொண்டு ஒகரக் குறியை விட்டுவிடும். ஆகவே, முதலில் சொல்லைப் புணர்த்த வேண்டும். பிறகு முழுச் சொல்லையும் தடிப்பாக்க வேண்டும். எழுத்தின் நடுவே கட்டளை நுழையவே கூடாது.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று சிலர் கேட்பர். "பெயர்: முருகன்" என்று போட்டுவிட்டால் உருபே தேவையில்லையே என்பர். கட்டண ரசீதுக்கு அது போதும். கடிதத்துக்குப் போதாது. வேற்றுமை உருபுகளை அஞ்சி ஒதுக்கிய கடிதம் படிவமாகச் சுருங்கிவிடும். அதில் பேச்சு இருக்காது. இன்னும் சிலர் தமிழ் வரிகளைப் படமாக்கி ஒட்டுகின்றனர். படத்திலுள்ள சொல்லைத் தேடவோ திருத்தவோ எளிதில் இயலாது. பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் அங்கே தடுமாறும். என்னைக் கேட்டால், இது முன்னதைவிட மோசம்.

கணினியில் தமிழ் என்பது நமக்குப் புதிதன்று. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது. யூனிகோடும் 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்தது. எழுத்தைத் திரையில் காட்டும் பெரும்பணியை மூத்தோர் செய்துவிட்டனர். அதைச் சொல்லாகவும் வாக்கியமாகவும் பிழையின்றிக் கோக்கும் சிறுபணி நமக்கு மிச்சமிருக்கிறது. பைத்தன் போன்ற நிரல்மொழியில் சில வரிகள் எழுதத் தெரிந்தவர்கள் இன்றே தொடங்கலாம்.

விதிகளை எழுதிவிட்டதும் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். 'ராம்' என்பது 'ராமின்' ஆகும். 'செல்வம்' என்பதோ 'செல்வத்தின்' ஆகும். இரண்டும் மகர ஈறுதான். 'ஆறு' என்னும் சொல் 'ஆற்றின்' என உகரத்தை இழக்க, 'பாபு' என்னும் பெயர் 'பாபுவின்' என்று அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். இத்தகைய பெயர்களுக்குத் தனிப்பட்டியல் வைப்பதே நல்லது. நாற்பது கடிதங்களையும் அச்சிடுவதற்கு முன், முருகன், கவிதா, மலர்விழி, பாபு, ராம், செல்வம் ஆகிய ஆறு பெயர்களை மட்டும் நிரலுக்குக் கொடுத்து, வரும் தாள்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.