நன்மை விளைந்தால் வழி நேராகிவிடுமா?



பிங்க் ஃபுளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். அறியாதவர்களும் இந்த வாரச் சிந்தனையைத் தயக்கமின்றி வாசிக்கலாம். அதிலுள்ள கேள்வி இசை கேளாதவர்களுக்கும் உரியது.

1965இல் லண்டனில் உருவான இக்குழு, 1975 செப்டம்பரில் ‘விஷ் யூ வேர் ஹியர்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2025 டிசம்பரில் வெளிவந்த சிறப்புத் தொகுப்பில் ஒரு மேடை நிகழ்ச்சியின் பதிவும் இடம்பெற்றிருக்கிறது. 1975 ஏப்ரல் 26ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஸ்போர்ட்ஸ் அரினா அரங்கில் நடந்த நிகழ்ச்சி அது. அதைப் பதிவு செய்தவர் மைக் மில்லர்ட் என்ற ரசிகர். கூட்டத்தில் ஒருவராக அமர்ந்து, எவருடைய அனுமதியுமின்றி அவர் செய்த பதிவே இன்று அக்குழுவின் பெயரிலேயே விற்பனைக்கு வந்திருக்கிறது. ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் அந்தப் பழைய பதிவைச் சீர்செய்து கொடுத்திருக்கிறார்.

இந்தப் பதிவின் மதிப்பை மறுப்பதற்கில்லை. அன்றிரவு ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ என்ற நெடும்பாடலை அவர்கள் வாசித்தபோது, அது அடங்கிய தொகுப்பு வெளிவர இன்னும் சுமார் நான்கரை மாத காலம் இருந்தது. மனநலம் குன்றி, 1968இல் குழுவைவிட்டுப் பிரிந்த தங்கள் நண்பர் சிட் பாரெட்டை நினைத்து எழுதிய பாடல் அது. அன்று வாசிக்கப்பட்ட வேறு இரண்டு பாடல்கள் பெயரும் உருவும் மாறி, 1977இல் வெளிவந்த ‘அனிமல்ஸ்’ தொகுப்பில் ‘டாக்ஸ்’, ‘ஷீப்’ என்ற பெயர்களில் இடம்பெற்றன. ‘ஷீப்’ பாடலில் இருபத்துமூன்றாம் சங்கீதத்தைக் கேலியாகத் திரித்துக் கூறும் ஒரு பகுதி உண்டு. 1975இல் அது இல்லை. ஒரு படைப்பு எதைச் சேர்த்துக்கொண்டு, எதை விட்டுவிட்டு வளர்ந்தது என்பதை இந்தப் பதிவின் வழியாக நாம் கேட்டறிய முடிகிறது. 2008இல் மறைந்த ரிச்சர்ட் ரைட்டின் விரல்கள் அன்றிரவு எழுப்பிய ஒலிகளும் இதில் காக்கப்பட்டிருக்கின்றன.

இனி, இது கிடைத்த விதத்தைப் பாருங்கள். மில்லர்ட் பயன்படுத்திய நகாமிச்சி 550 கேசட் பதிவுக்கருவி சட்டைப்பையில் மறைக்கத்தக்கதன்று. அளவில் பெரியது, கனமானது. ஆகவே அக்காலத்து நிகழ்ச்சிகள் பலவற்றிற்கு அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து சென்றார். அவரால் நன்றாக நடக்க முடியும். ஆயினும் நடக்க இயலாதவரைப்போல அமர்ந்திருக்க, நண்பர் நாற்காலியைத் தள்ளிச்செல்ல, கருவி இருக்கைக்குள் மறைந்திருந்தது. வாயிற்காவலர்கள் சக்கர நாற்காலியைச் சோதிக்கக் கூசினார்கள். அந்தக் கூச்சமே அவருக்கு வழிதிறந்தது.

ரசிகர்கள் இதை ஒரு சாகசக் கதையாகச் சிரித்துக்கொண்டே சொல்லுகிறார்கள். என்னால் அவ்வாறு சிரிக்க முடியவில்லை. வாயிற்காவலரின் அந்தத் தயக்கம் ஊனமுற்றோருக்குச் சமுதாயம் காட்டும் சிறிய மரியாதை. அதை ஒருவர் வேடமாக அணியும்போது, அடுத்தமுறை மெய்யாகவே நடக்க இயலாத ஒருவர் அதே வாயிலில் சந்தேகப் பார்வையைச் சந்திக்க நேரிடும். பாதிக்கப்பட்டவர் யாருமில்லை என்று சொல்லுகிறவர்கள் அவரை எண்ணிப்பார்ப்பதில்லை.

எனினும், மில்லர்டைப்பற்றிய உண்மை இதனோடு முடிந்துவிடவில்லை. அவர் தம்முடைய பதிவுகளை விற்றுப் பணம் சேர்த்தவரல்ல. பிறருக்குக் கொடுத்த பிரதிகளில் அடையாளம் இட்டுவைத்தார் என்றும், எவரேனும் அதை இசைத்தட்டாக்கி விற்றால் கண்டுபிடிக்கவே அவ்வாறு செய்தார் என்றும் கூறப்படுகிறது. அவர் 1994இல் மறைந்தார். அவர் பிடித்த ஒலிநாடாக்கள் பல, அவருடைய மறைவுக்குப் பின்னரே நண்பர்களின் முயற்சியால் இலவசமாகப் பொதுவெளிக்கு வந்தன.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் இதே இசைக்குழுவின் வரலாற்றில் உண்டு. 1974 நவம்பர் 19ஆம் நாள் இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில், டிரென்தம் கார்டன்ஸ் அரங்கில் அவர்கள் பாடியதை யாரோ கூட்டத்திலிருந்து பதிவு செய்தார்கள். அது ‘பிரிட்டிஷ் வின்டர் டூர் 74’ என்ற பெயரில், நேர்த்தியான உறையோடு இசைத்தட்டாக விற்கப்பட்டது. இன்னும் வெளியிடப்படாத மூன்று பாடல்கள் அதில் இருந்தன. குழுவின் புதிய தொகுப்பு இதுவே என்று நம்பி வாங்கினவர்களும் உண்டு. எழுதி முடிக்காத கடிதத்தை மேசையிலிருந்து எடுத்துச்சென்று ஊரறியப் படித்ததற்கு ஒப்பானது அது. ஒரு படைப்பு எப்பொழுது முடிவுபெற்றது என்று சொல்லும் உரிமை அதைப் படைத்தவனுக்கே உண்டு.

இருவரும் ஒன்றா? அல்லவே அல்ல. ஒருவரை இயக்கியது அன்பு, மற்றவரை இயக்கியது இலாபம். ஆனால் அன்பினால் செய்தார் என்பதனால் மில்லர்டின் வழி நேரானதாகிவிடுமா என்பதே நம் கேள்வி. வேதத்தை வாசிக்கிறவர்களுக்கு இது புதியதல்ல. யாக்கோபு தன் கைகளில் வெள்ளாட்டுத் தோலைக் கட்டிக்கொண்டு, பார்வை மங்கிய தகப்பனிடம் ஆசீர்வாதத்தைப் பெற்றான். அந்த ஆசீர்வாதம் மெய்யானது. அது திரும்பப் பெறப்படவில்லை. ஆனால் அந்த ஆட்டுத்தோலை எவரும் மெச்சிக்கொள்ளும்படி அவ்வரலாறு எழுதப்படவில்லை. ஏசாவின் கதறலும், யாக்கோபு வீட்டைவிட்டு ஓடினதும், பின்பு லாபானிடம் அவனே வஞ்சிக்கப்பட்டதும் மறைக்கப்படாமல் அதே வரலாற்றில் இருக்கின்றன. பலன் நன்மையானது, வழி தீமையானது என்ற இரண்டையும் ஒருங்கே சொல்லும் துணிவு நமக்கும் வேண்டும்.

அனுமதி பெற்று இதைச் செய்ய வழியே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் என்ற இசைக்குழு 1984இல் தன் நிகழ்ச்சிகளில் பதிவு செய்ய விரும்புகிற ரசிகர்களுக்கென்றே தனிப் பகுதியை ஒதுக்கியது. அங்கே எவரும் வேடம்பூணத் தேவையிருக்கவில்லை. ரசிகரின் அன்பும் கலைஞரின் சம்மதமும் சந்திக்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்தச் சம்மதம் கேட்டுப் பெறப்பட வேண்டியது, எடுத்துக்கொள்ளப்படக்கூடியதன்று.

இவ்வாறிருக்க, இன்று வெளிவந்துள்ள தொகுப்பை நாம் எப்படிக் காணவேண்டும்? ஐம்பது ஆண்டுகள் கடந்துபோனதனால் பழைய தவறு தானாகவே சரியாகிவிட்டது என்று சிலர் எண்ணுகிறார்கள். காலத்துக்கு அந்த வல்லமை இல்லை. பதிவு நன்றாக இருக்கிறது என்பதும் அதற்குக் காரணமாகாது. யாருடைய உழைப்பு அனுமதியின்றி எடுக்கப்பட்டதோ, அவர்களுடைய பெயரால் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதே நிலைமையை மாற்றியிருக்கிறது. ஒன்றை எடுத்தவன் அதைத் தனக்குரியதென்று அறிவிக்க முடியாது. உரியவன் அதை அங்கீகரிக்க முடியும்.

அங்கீகரித்தவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அக்குழுவின் இசைப்பதிவு உரிமைகளை 2024இல் சோனி நிறுவனம் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்திகள் வந்தன. ஒரு காசும் பெறாத மனிதரின் ஒலிநாடா இப்பொழுது அப்பெரும் வணிகத்தின் ஒரு பகுதி. மில்லர்டின் பெயரை மறைக்காமல் அறிவித்தார்கள் என்பது பாராட்டத்தக்கது. ஆனால் அவருடைய சக்கர நாற்காலியை விளம்பரத்திற்குரிய சுவையான கதையாக மாற்றுவது தகாது என்பது என் உறுதியான கருத்து. அவருடைய செவியின் நுண்மைக்கும், பணத்தாசை இன்மைக்கும் நன்றி சொல்லுவோம். அவருடைய வேடத்திற்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.

அன்பான வாசகரே, இன்று உங்களுக்கு நகாமிச்சி கருவியோ சக்கர நாற்காலியோ தேவையில்லை. கைபேசி ஒன்றே போதும். ஒருவர் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய நூல் பி.டி.எஃப் கோப்பாக நம்மை வந்தடைகிறது. ஒரு நொடியில் நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். புதிய பாடல்களும் அவ்வாறே. ‘விற்கவில்லையே, நல்லதைத்தானே பகிர்கிறேன்’ என்ற எண்ணம் உடனே எழுகிறது. பகிரப்படுவது பக்தி நூலாகவோ ஆராதனைப் பாடலாகவோ இருந்தால் அந்த எண்ணம் இன்னும் வலுப்பெறுகிறது. நல்ல நோக்கம் இருக்கும்போதுதான் நாம் வழியைச் சோதித்துப் பார்க்க மறந்துபோகிறோம்.

இந்த வாரம் உங்கள் கைபேசியில் இருக்கும் நூல்களையும் பாடல்களையும் ஒருமுறை பாருங்கள். அவற்றில் எதை எழுதியவரிடமோ பாடியவரிடமோ காட்டி, ‘இது என்னிடம் இப்படி வந்தது’ என்று உங்களால் தயக்கமின்றிச் சொல்ல முடியும்? சொல்லக் கூசுவது ஏதேனும் இருந்தால், அதன் விலையைக் கொடுத்து வாங்குங்கள், அல்லது உரியவருக்கு எழுதி அனுமதி கேளுங்கள். பலர் மகிழ்ச்சியோடு தருவார்கள். மறுத்தால், அதை அழித்துவிடுங்கள்.