வெயிலில் ஓடும் ஏசிக்குத் தண்ணீர் யார் தருவது?

புதுக்கோட்டையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்கு வராது. மாசி கடைசியில் ஆரம்பித்தால் ஆவணி வரை தார்ச்சாலையில் கானல் ஓடும். "இந்த வெயிலை வைத்தே ஏசி ஓட்டினால் என்ன?" என்று யாராவது கேட்டால் உடனே தலையாட்டத் தோன்றும். வெயில் ஏற ஏற ஏசியின் தேவையும் ஏறும், அதை ஓட்டும் சக்தியும் ஏறும். கரண்ட் பில்லும் குறையும். ஆனால் இந்த யோசனையைப் பாராட்டுகிறவர்கள், அந்த எந்திரத்துக்குப் பக்கத்தில் மொட்டைமாடியில் ஆவி விட்டுக்கொண்டு நிற்கும் கூலிங் டவரைப் பற்றிக் கேட்பதே இல்லை.

வெயிலின் சூட்டைக் கொண்டே குளிர்விக்கும் எந்திரத்துக்கு அப்சார்ப்ஷன் சில்லர் என்று பெயர். கம்ப்ரசர் கிடையாது. உள்ளே வெற்றிடத்தில் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ச்சி தரும். அந்த ஆவியை லித்தியம் புரோமைடு என்ற உப்புக் கரைசல் குடித்துக்கொள்ளும். மாடியில் சூடாக்கிய வெந்நீர், குடித்த ஆவியை மறுபடி வெளியே துரத்தும். அழகான ஏற்பாடுதான். ஓசோனைக் கெடுக்கும் வாயு எதுவும் இதில் இல்லை.

சிக்கல், வெளியே தள்ள வேண்டிய சூட்டில் இருக்கிறது. அறையிலிருந்து எடுத்த சூடு, எந்திரத்தை ஓட்டக் கொடுத்த சூடு இரண்டையும் சேர்த்துத்தான் வெளியேற்ற வேண்டும். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி ஒரு பங்கு குளிர்ச்சிக்கு ஏறக்குறைய 1.3 பங்கு சூட்டை வெளியே விடும். எளிய ரக அப்சார்ப்ஷன் சில்லர் 2.4 பங்கு விடும்! அதுவும் அந்தக் கரைசலை 30 டிகிரியை ஒட்டிய தண்ணீரால் குளிர்விக்க வேண்டும். தண்ணீர் மிகவும் சூடானால் குளிர்ச்சி குறையும், உப்பு உறைந்து குழாயை அடைக்கவும் கூடும். நிழலிலேயே 39, 40 டிகிரி காட்டும் நாளில் வெறும் காற்றாடியை வைத்து 30-க்கு எப்படி இறக்குவது? மண்பானை செய்யும் வேலையைச் செய்தால்தான் முடியும். தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகிப் போனால் மீதி குளிரும். கூலிங் டவர் என்பது காற்றாடி வைத்த பெரிய மண்பானைதான்.

பானை எவ்வளவு குடிக்கும்? கணக்கு கஷ்டமில்லை. ஒரு டன் ஏசி என்பது சுமார் 3.5 கிலோவாட். அதற்கு 8.5 கிலோவாட் சூட்டை ஆவியாக்கித் தள்ள மணிக்கு ஏறக்குறைய 12 லிட்டர் வேண்டும். ஆவி போகப் போக மிச்சத் தண்ணீரில் உப்பு ஏறும், அதை அவ்வப்போது திறந்து விட வேண்டும். போர் தண்ணீர் என்றால் இன்னும் அதிகம். மொத்தம் 18 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 30 டன் தேவைப்படும் ஒரு கட்டிடம் எட்டு மணி நேரம் ஓடினால் 4,300 லிட்டருக்கு மேல். குடக் கணக்கில் சொன்னால் 280-க்கும் மேல்... ஒரே நாளில்! ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். ஆக, 78 பேருடைய தண்ணீர்.

இது எந்த மாவட்டத்தில்? ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய், குளங்களை வெட்டி மழையைப் பிடித்து வைத்து வாழ்ந்த மாவட்டத்தில். கல்லணைக் கால்வாய் கிழக்கே ஒரு பகுதிக்குத்தான் வருகிறது, மற்ற இடமெல்லாம் வானம் பார்த்தது. ஆலங்குடிப் பக்கம் ஆயிரம் அடி போர் என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. தைலமரம் நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று இங்கே எத்தனை போராட்டம்! காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதும் விராலிமலை வட்டம் குன்னத்தூரில்தான். தண்ணீர் வரட்டும் என்று காத்திருக்கிற ஊரில், வந்த தண்ணீரை மாடியிலிருந்து ஆவியாக விடுவது என்ன நியாயம்?

"அனல் மின்நிலையம் மட்டும் தண்ணீர் குடிக்கவில்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய நிலையங்களுக்கு 2015-ல் மத்திய அரசு விதித்த உச்சவரம்பு ஒரு யூனிட்டுக்கு 3.5 லிட்டர். ஒரு டன் ஸ்ப்ளிட் ஏசி மணிக்கு 1.2 யூனிட் இழுத்தால் அங்கே போவது நான்கு லிட்டர் சொச்சம். இங்கே 18! அதே ஏசியை மாடியில் இருக்கும் சோலார் பேனலில் ஓட்டினால் அந்த நான்கும் இல்லை, எப்போதாவது பேனலைத் துடைக்கும் தண்ணீர்தான்.

வெயிலைப் பயன்படுத்துவதிலும் பேனலே ஜெயிக்கிறது. 100 பங்கு வெயிலில் பேனல் 20 பங்கு மின்சாரம் தரும், ஏசி அதை 60 பங்கு குளிர்ச்சியாக்கும். வெந்நீர்த் தகடு 50 பங்கு சூடு பிடித்தாலும் எளிய சில்லர் அதிலிருந்து 35 பங்குதான் தரும். பேனல் யானை விலை விற்ற காலத்தில் வெந்நீர் வழிக்கு ஒரு அர்த்தம் இருந்தது. 2010-ஐ ஒப்பிட்டால் இன்று பேனல் விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

தொழில்நுட்பமே மட்டம் என்று இல்லை. டெல்லியை ஒட்டிய குவால் பஹாரியில் உள்ள சூரிய ஆற்றல் மையத்தில் (இன்று அது தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம்) 2011-ல் தெர்மாக்ஸ் நிறுவனம் 100 கிலோவாட் மூன்றடுக்கு சில்லர் ஒன்றை நிறுவியது. அந்த ரகம் வெளியே விடும் சூடு 1.6 பங்குதான். ஆனால் அதற்கு 200 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும், சூரியனைத் துரத்தும் கண்ணாடிகள் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். புதுக்கோட்டையில் பள்ளிக்கூட மாடியிலோ கல்லூரி மாடியிலோ அது எத்தனை வருடம் ஓடும் என்று சொல்லத் தேவையில்லை.

(திருமயம் வட்டத்து இராயவரத்தில் கனத்த சுவரும் நடுமுற்றமும் வைத்துக் கட்டிய செட்டிநாட்டு வீடுகளுக்குள் மதியம் இரண்டு மணிக்குப் போனவர்களுக்குத் தெரியும்... முதலில் குறைக்க வேண்டியது ஏசியின் டன்னை.)

கூலிங் டவர்தான் வேண்டும் என்றால், சுத்திகரித்த கழிவுநீர் தினமும் மிஞ்சுகிற பெரிய மருத்துவமனை, விடுதி போன்ற இடத்தில் யோசிக்கலாம். அங்கேயும் டவர் தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளராமல் பார்க்க வேண்டும். 1976-ல் ஃபிலடெல்ஃபியா ஓட்டலில் 29 பேரைக் கொன்ற நிமோனியாவுக்குக் காரணம் அதுதான். ஆகவே இப்படி ஒரு திட்டம் வரும்போது எத்தனை யூனிட் மிச்சம் என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டமும் வேண்டும்: தினமும் எத்தனை லிட்டர், எந்தக் குழாயிலிருந்து. அந்தக் கட்டத்தில் 'போர்' என்று எழுதியிருந்தால் ஃபைலை அங்கேயே மூடிவிடலாம்.